பன்றிக்குட்டிக் கழிச்சல்: மருந்துக்குத் தடை, இனி என்ன வழி?

தாயிடமிருந்து பிரித்த முதல் இரண்டு வாரங்களில்தான் பன்றிக்குட்டிகளைக் கழிச்சல் அதிகம் தாக்குகிறது. இதற்குப் பல நாடுகளில் நம்பியிருந்த இரண்டு பொருள்களுக்கு இப்போது கட்டுப்பாடு வந்துவிட்டது. உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. துத்தநாக ஆக்சைடை மருந்தளவில் தீவனத்தில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் நிறுத்தியது.

தடைக்குக் காரணம்

கோலிஸ்டின், வேறு மருந்து கேட்காத நோயாளிகளுக்குக் கடைசியாகக் கொடுக்கப்படும் மருந்து. அதற்கு அடங்காத தன்மை ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது 2015-ல் சீனாவில் கண்டறியப்பட்டது. பன்றிகளிடமும் மனிதர்களிடமும் அது இருந்தது. துத்தநாகமோ பெரும்பகுதி சாணத்தில் வெளியேறி, எருவோடு வயலில் சேர்கிறது.

குடலில் நடப்பது என்ன?

பால் நின்றதும் குட்டி சரியாகத் தீவனம் எடுக்காது. சத்தை உறிஞ்சும் குடல் விரல்கள் குட்டையாகிவிடும். செரிக்காத புரதம் கிருமிகளுக்கு இரையாகும். அப்போது ஈ.கோலை கிருமி சிறுகுடல் சுவரில் ஒட்டி நஞ்சை விடுகிறது. உறிஞ்ச வேண்டிய குடல், நீரையும் உப்பையும் வெளியே கொட்டுகிறது. உடலில் நீர் வற்றித்தான் பெரும்பாலான குட்டிகள் இறக்கின்றன. பிழைத்தவையும் எடை கூடாமல் பின்தங்கும். தீவனச் செலவு ஏறும்.

இதுவரை மருந்து மறைத்து வந்த பராமரிப்புக் குறைகள் இனி வெளியே தெரியும். எனவே கவனிக்க வேண்டியவை:

- பிறந்த சில மணி நேரத்துக்குள் எல்லாக் குட்டிகளும் சீம்பால் குடிக்க வேண்டும்.
- பால் குடிக்கும்போதே குட்டித் தீவனத்தைச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.
- 6 முதல் 8 வாரத்துக்கு முன் பிரிக்க அவசரப்பட வேண்டாம்.
- பிரிக்கும் நாளிலேயே தீவனத்தையும் மாற்றாதீர்கள். வேறு ஈத்துக் குட்டிகளோடும் கலக்காதீர்கள்.
- கொட்டில் ஈரமின்றி, கதகதப்பாக இருக்கட்டும். சுத்தமான தண்ணீர் எப்போதும் வேண்டும்.
- கழிச்சல் கண்ட குட்டியைத் தனியே பிரித்து, உடனே உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள்.

சாணத்தில் ரத்தம், கண் இமை வீக்கம், தள்ளாட்டம் இருந்தால் அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கித் தீவனத்தில் கலப்பது வேண்டாம். இன்று அப்படி வீணாக்கும் மருந்து, நாளை நம் வீட்டுப் பிள்ளைக்கு வேலை செய்யாமல் போகலாம்.