பதினோராம் வகுப்புக்கு ஆகாத பத்தி

என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்புச் சமூகவியல் பாடநூலில் ஒரு பத்தியை வெட்டியிருக்கிறார்கள். கேட்டால், கொரோனாவுக்குப் பிறகு மாணவர்களின் சுமையைக் குறைத்தார்களாம். ஒரு பத்தி எந்த மாணவனின் முதுகை ஒடித்தது?

அதில் இருந்தது இவ்வளவுதான். நகரத்தில் யார் எங்கே குடியிருப்பது என்பதைப் பணம் மட்டும் தீர்மானிப்பதில்லை, மதமும் இனமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கலவரம் வந்தால் கலந்து வாழ்ந்த தெருக்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. அந்தப் பிரிவினை அடுத்த கலவரத்துக்குத் தடம் போட்டுக் கொடுக்கிறது. 2002 கலவரத்துக்குப் பின் குஜராத்தில் நடந்தது இதற்கு உதாரணம். ஆத்திரமூட்டும் சொல் ஒன்றுகூடக் கிடையாது.

சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இந்தப் பத்தியை யாரும் விளக்க வேண்டியதில்லை. அட்வான்ஸ், தண்ணீர், கரண்ட் எல்லாம் பேசி முடித்த பிறகு வீட்டுக்காரர் மெல்ல ஆரம்பிப்பார்: “சொந்த ஊர் எது?” ஊரில் பிடிபடாவிட்டால் அப்பா பெயர். அதிலும் பிடிபடாவிட்டால், “நீங்க சைவம்தானே?” பெயரைச் சொன்னதுமே மதம் தெரிந்துவிட்டால் இத்தனை சுற்றுகூடக் கிடையாது, வீடு நேற்றே முடிந்துவிட்டதாகப் பதில் வரும். இதையெல்லாம் அப்பாவின் பக்கத்தில் நின்று கேட்கிற பதினாறு வயதுப் பிள்ளைக்கு, இது எதனால் நடக்கிறது என்று சொல்லித்தர ஒரு பாடம் இருந்தது. அதைத்தான் சுமை என்கிறார்கள்.

அகமதாபாத்தின் ஜுஹாபுரா, 1973 வெள்ளத்தில் வீடிழந்த ஏழைகளைக் குடியமர்த்திய இடம். அப்போது இரு மதத்தாரும் இருந்தார்கள். கலவரத்துக்குக் கலவரம் ஒரு சாரார் வெளியேற, மறு சாரார் உயிருக்குப் பயந்து வந்து சேர, இன்று அது நாட்டின் பெரிய முஸ்லிம் குடியிருப்புகளில் ஒன்று. வசதியுள்ள டாக்டரும் வக்கீலும்கூட அங்கேதான் வீடு பார்க்கிறார்கள். மும்பைக்கு வெளியே மும்ப்ரா 1992-93 கலவரத்துக்குப் பின் பெருத்ததும் இப்படித்தான். குஜராத்தில் கலவரப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் சொத்து கைமாறவே கலெக்டர் அனுமதி வேண்டும் என 1991-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டப் புத்தகத்தில் இருக்கலாம், பாடப் புத்தகத்தில் இருக்கக் கூடாதா?

2022 ஜூனில் நீக்கல் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். இந்தப் பத்தி அதிலும் இல்லை. அச்சான புத்தகம் கைக்கு வந்த பிறகுதான், 2023 ஏப்ரலில், விஷயம் வெளியே வந்தது. பட்டியலில் சேராமல் காணாமல்போனவற்றைப் பற்றிக் கேட்டபோது, கவனக்குறைவாக இருக்கலாம் என்றார்கள். கவனக்குறைவுக்கும் குஜராத் என்ற பெயர் மட்டும் சரியாகத் தெரிந்திருக்கிறது!

மத்தியப் பாடத்திட்டத்துக்கு இது புதிதல்ல. 2021 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புச் சமூகவியல் தேர்வில், 2002 வன்முறை எந்த ஆட்சியில் நடந்தது என்று ஒரு கேள்வி வந்தது. வரிக்கு வரி பாடநூலில் இருந்ததுதான். 1984 டெல்லி வன்முறை காங்கிரஸ் ஆட்சியில் நடந்ததையும் அதே இடத்தில் அந்தப் புத்தகம் சொல்லியிருந்தது. ஆனாலும் கேள்வி தவறு, பொறுப்பானவர்கள் மீது நடவடிக்கை என்று அன்றே அறிக்கை. ஒன்பதாம் வகுப்பில் தோள்சீலைப் போராட்டம் பட்ட பாடு நமக்கு மறந்துவிடாது. 2016-இல் அதிலிருந்து கேள்வி கேட்காதே என்றார்கள், 2019-இல் உடை வரலாறு என்ற அந்த அத்தியாயமே போனது. மார்பை மறைக்கும் உரிமைக்காகக் கன்னியாகுமரிப் பக்கத்துப் பெண்கள் அடிபட்டதைப் படிக்கவும் நம் பிள்ளைகளுக்கு வயது போதவில்லை. 2012-இல், வேறு கட்சி ஆட்சியில், பாடநூலில் இருந்த கார்ட்டூன்களுக்காக ஆடினார்கள். பாடநூல் ஆலோசகர்கள் இருவர் ராஜினாமா செய்தார்கள். அப்போது கார்ட்டூனை நீக்கச் சொல்லிக் குரல் கொடுத்தவர்களில் நம் தமிழகக் கட்சிகளும் உண்டு என்பது இன்று வசதியாக மறக்கப்படுகிறது.

ஆட்சி மாறுகிறது, நாற்காலியில் ஆள் மாறுகிறார், கத்தரி மட்டும் அதே மேசையில் கிடக்கிறது. யார் புண்படுவார் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வெட்டுகிறவர்களுக்குப் பாடநூல் என்பது ஒரு கோப்பு, அவ்வளவே. சாதி, மதம், வர்க்கம் மூன்றையும் தொடாமல் சமூகவியல் நடத்தச் சொன்னால் ஆசிரியர் எதை நடத்துவார்? குடும்பம் என்றால் என்ன என்று வரையறுத்து, ஐந்து மதிப்பெண் போட்டுவிட்டுப் போவார்.

புதிய பாடநூல்கள் எழுதப்போவதாக 2023-இல் சொன்னார்கள். அந்த வேலையையாவது பாடம் தெரிந்தவர்களிடம் ஒப்படைக்கட்டும். வகுப்பில் நிற்கிற ஆசிரியர்களையும் கலந்தாலோசிக்கட்டும். எதையாவது எடுக்க வேண்டுமென்றால், எடுத்தவர் யார், ஏன் எடுத்தார் என்பதை எல்லோரும் பார்க்கச் சொல்லிவிட்டு எடுக்கட்டும்.