“பிளக்குல என்ன சார் இருக்கு?”

பழைய மாணவர்களே, உறவினர்களே,

நம் குடும்ப வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு வாக்குவாதம். “எல்லா ஸ்பார்க் பிளக்கும் ஒண்ணுதான், திருகி மாட்டினா வண்டி ஓடும்” என்று ஒரு கட்சி. “இரிடியம் போடுங்க, மைலேஜ் எகிறும்” என்று இன்னொரு கட்சி. இரண்டுக்கும் கைதட்டல் விழுந்தது. இரண்டும் தவறு. 34 வருடம் இயற்பியல் நடத்தியவன் என்ற தைரியத்தில் இதைச் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் இருப்பது கார்புரேட்டர் காலத்து மாருதி 800. பிளக் மாற்றும் நேரம் வந்தபோது நானே கடைக்குப் போய் “என்.ஜி.கே., 6 நம்பர்” என்று கேட்டு வாங்கினேன். பெட்டியில் பி.பி.ஆர். 6 ஈ.எஸ். என்பதற்குப் பின்னால் ஒரு சிறு கோடு, அதற்குப் பின் 11 என்று இருந்தது. ஏதோ பேட்ச் நம்பர் என்று விட்டுவிட்டேன். மாட்டியதும் வாசலில் வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது.

ஒரு மாதம் கழித்து ஏற்காடு போனோம். சேலம் பக்கமிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தாண்டியதும் வண்டி திக்க ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினால் சரியாகிறது, மிதித்தால் குலுக்குகிறது. ஒரு வளைவில் ஏற முடியாமல் நின்றேவிட்டது. பின்னால் பஸ். வண்டி ஒரு முழம் பின்னுக்கு நகர்ந்தபோது உங்கள் டீச்சரம்மா போட்ட கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. பஸ் டிரைவர் புண்ணியவான், இடைவெளி விட்டு நின்றிருந்தார்.

ஊர் திரும்பியதும் பட்டறை பட்டறையாக அலைந்தேன். எல்லோரும் நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்து, “நல்லாத்தானே சார் இருக்கு” என்றார்கள். பெட்ரோல் பம்ப் மாறியது, காயில் மாறியது, ஒயர்கள் மாறின. கோளாறு மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில், பத்தாம் வகுப்பில் என் பாடத்தில் 35 மார்க் எடுத்துத் தப்பித்த மாணவன் ஒருவன் பிளக்கைக் கழற்றி, ஃபில்லர் கேஜை உள்ளே விட்டுப் பார்த்தான். “சார், உங்க வண்டி புக்குல 0.7ல இருந்து 0.8 மில்லிமீட்டர்னு போட்டிருக்கு. இதுல 1.1 இருக்கு. பெட்டியில இருக்கிற 11 அதுதான் சார்.”

தசமப் புள்ளி தவறினால் மார்க்கைக் குறைத்த வாத்தியார், 0.3 மில்லிமீட்டரில் கோட்டை விட்டிருந்தேன்.

இதில் என் பாடம் அப்படியே இருக்கிறது. அழுத்தம் கூடக் கூட, காற்றின் வழியே மின்பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும். இடைவெளி கூடினாலும் அப்படித்தான். வாசலில் நிற்கும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு, அழுத்தமும் குறைவு. அதனால் 1.1ஐயும் பொறி தாண்டிவிடும். மலையில் முழுதாக மிதிக்கும்போது சிலிண்டர் நிரம்பி அழுத்தம் ஏறுகிறது. பழைய காயிலால் அந்த வோல்ட்டைக் கொடுக்க முடியாமல் பொறி தவறுகிறது. நிறுத்தி வைத்துப் பார்க்கும் எந்தப் பட்டறைக்கும் இந்தக் கோளாறு தெரியாது. இடைவெளி மிகக் குறைந்தாலும் வம்புதான். பொறி சிறுத்து, கலவை சரியாகப் பற்றாமல், ஐடிலிங்கில் எஞ்சின் நடுங்கும்.

“இத்தனூண்டு இடைவெளியில என்ன வந்துரப் போகுது?” என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. என் வண்டி போன்ற நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை பொறி விட வேண்டும். தவறும் ஒவ்வொரு முறையும் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போகிறது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அது அங்கே போய் எரிந்து, அந்த விலையுயர்ந்த பொருளையே உருக்கிவிடும்.

இனி “எல்லாம் ஒண்ணுதான்” கட்சிக்கு. மரை ஒன்றாக இருந்தால் பிளக் ஒன்றாகிவிடாது. நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கலாம். வெப்பத்தைக் கடத்தும் அளவும் பிளக்குக்குப் பிளக் மாறும். எரியும் முனை சுமார் 450 டிகிரிக்குக் கீழே இருந்தால் கரி அப்பும். 850ஐத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றி, பிஸ்டனில் ஓட்டை விழும். என்.ஜி.கே.யில் எண் ஏறினால் பிளக் குளிர்ச்சி. பாஷில் எண் ஏறினால் சூடு. “6க்குப் பதில் 7 போட்டுக்கலாம் சார்” என்கிற கடைக்காரரிடம், எந்தக் கம்பெனி எண் என்று முதலில் கேளுங்கள். நடுவில் வரும் ஆர் என்ற எழுத்து மின்தடை உள்ளே இருப்பதைக் குறிக்கிறது. அது இல்லாத பிளக்கைப் போட்டால் ரேடியோ இரையும், எலக்ட்ரானிக் பெட்டிகளும் குழம்பும்.

இரிடியம் கட்சிக்கு. அதன் மெல்லிய முனை தேய நாளாகும், குறைந்த வோல்ட்டிலும் பொறி விடும். இது உண்மை. கம்பெனி இரிடியம் என்று சொன்ன வண்டிக்கு அதைத்தான் போட வேண்டும், காசு மிச்சம் என்று சாதாரணத்தைப் போடாதீர்கள். ஆனால் நல்ல நிலையில் ஓடும் என் 800க்கு இரிடியம் போட்டு மைலேஜ் எகிறும் என்பது வியாபாரப் பேச்சு. தேய்ந்த பிளக்கை எடுத்துவிட்டுப் புதிது போட்டால் முன்னேற்றம் தெரியத்தான் செய்யும். அந்தப் பெருமை புதிதுக்குச் சேர வேண்டியது. இரிடியத்துக்கு மட்டும் ஏன் மாலை?

“பெட்டியிலேயே செட் பண்ணி வருது” என்கிறவர்களே, யார் வண்டிக்கு செட் பண்ணி? என்னுடையதும் பெட்டியில் சரியாகத்தான் வந்தது, வேறு வண்டிக்கு. வாங்கும்போது முழு எண்ணையும் வண்டிப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். கேஜ் வைத்து அளந்து பாருங்கள். சாதாரண பிளக்கில் கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் வெளியே வளைந்திருக்கும் முனையை மட்டும் மெல்ல வளைக்கலாம். நடு முனையைத் தொடாதீர்கள். இரிடியத்தில் கேஜை நெம்பினால் முனை உடைந்துவிடும். வித்தியாசம் அதிகமாக இருந்தால் வளைக்காமல் சரியான பிளக்கை வாங்குங்கள். நானும் அப்படித்தான் 11 இல்லாத பெட்டி வாங்கினேன். எஞ்சின் ஆறிய பிறகு கையாலேயே கடைசி வரை திருகி, அப்புறம் ஸ்பேனர் போடுங்கள். வாஷர் உள்ள புது பிளக்குக்கு அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குள் போதும். பலம் காட்டினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும்.

இதில் என் குற்றமும் உண்டு. ஸ்பார்க் பிளக் படத்தை எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஒரு முறைகூட ஒரு பிளக்கை வகுப்புக்குக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்ததில்லை. படத்துக்கு மார்க் போட்டேன், பொருளைத் தொடாமலே ஓய்வு பெற்றேன். 35 மார்க் பையன் தொட்டுக் கற்றான். பணம் கொடுக்கப் போனால், “குருதட்சணை சார்” என்று மறுத்துவிட்டான். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஆகவே வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டிப் புத்தகத்தை எடுத்து, பிளக் எண்ணையும் இடைவெளியையும் பார்த்து, போன தடவை மாட்டிய பிளக்கின் பெட்டியோடு ஒத்துப் பாருங்கள். பெட்டி இல்லையென்றால் மெக்கானிக்கைக் கேளுங்கள். அவர் “பிளக்குல என்ன சார் இருக்கு?” என்று சிரித்தால் என் கதையைச் சொல்லுங்கள். மாப்பிள்ளை, என்னோடு வாதாட வருவதானால் தாராளமாக வாருங்கள், கையில் கேஜோடு.