விற்காத பங்கின் நட்டம் நட்டமாகுமா?

நம் கல்லூரி மாணவரிடையேயும், கல்லூரியை விட்டுச் சென்று பொருளீட்டத் தொடங்கிய பழைய மாணவரிடையேயும், பங்குகளிற் பணமிடும் வழக்கம் இக்காலத்துப் பெரிதும் பரவியுளது. கைப்பேசியே கடைவீதியாயிற்று. அங்ஙனம் பணமிட்டார் வாயில் அடிக்கடி கேட்கப்படும் வாக்கியம் ஒன்றுண்டு. "விற்றால்தான் நட்டம், விற்காதவரை நட்டமில்லை" என்பதே அது. நெடுங்காலம் பொறுத்திருப்பவனுக்கு விலையிறக்கம் ஏட்டுச் சுரைக்காயை ஒக்கும். அது கறிக்கும் உதவாது, வயிற்றையும் கெடுக்காது என்பது அவர் கருத்துப் போலும். இக்கூற்று எத்துணை உண்மையுடைத்து என்பதனைச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் அதன் பக்கத்து நியாயத்தைக் கூறுதல் முறையாம். நம் நாட்டு வருமான வரிச் சட்டம், பங்கை விற்று முடித்த பின்னரே மூலதன நட்டத்தை நட்டமெனக் கணக்கிற் கொள்கின்றது. வரலாறும் ஓரளவு சான்று பகர்கின்றது. மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியெண் 2008 சனவரியில் 21,000-ஐ எட்டிப் பின் வீழ்ந்து, 2009 மார்ச்சில் 8,200-க்கும் கீழே இறங்கிற்று. அஞ்சி விற்றோர் இழந்தனர். பொறுத்திருந்தோர் 2010 நவம்பரில் மீண்டும் 21,000-ஐக் கண்டனர். 2020 மார்ச்சு 23-ஆம் நாள் ஒன்றிலேயே அக்குறியெண் 3,900 புள்ளிகளுக்கு மேற் சரிந்து 26,000-க்குக் கீழ் நின்றது. அவ்வாண்டு நவம்பரிலோ அதற்கு முன் காணாத உயரத்தை அடைந்தது. ஆகவே விலை குறைந்த அன்றே மனமுடைந்து விற்றல் அறிவுடைமையன்று என்பதை யாமும் ஒப்புகின்றோம்.

ஆயினும், வரிச் சட்டம் கைக்கு வந்த பொருளின்மீது வரி விதிக்க எழுந்ததேயன்றி, ஒருவனுடைய செல்வ நிலையை அளத்தற்கு எழுந்ததன்று. குறியெண்ணோ பல நிறுவனங்களின் தொகுதி. நலிந்தவை நீக்கப்பட்டு வளர்ந்தவை அதிற் சேர்க்கப்படும். தனிப் பங்கிற்கு அவ்வுறுதி ஏது? 2009 சனவரி 7-ஆம் நாள், சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் இராமலிங்க ராஜு, பல்லாண்டுகளாகப் பொய்க் கணக்குக் காட்டி வந்ததைத் தம் கடிதத்தாலேயே வெளிப்படுத்தினார். முன்னாள் 179 ரூபாயளவில் நின்ற பங்கு அன்றே 40 ரூபாயளவிற்கு வீழ்ந்தது. அந்நாளில் விற்காமல் வைத்திருந்தவனுக்கு நட்டமில்லை என்று யாரே சொல்வர்? இல்லாத பணத்தை உள்ளதென எண்ணியிருந்தமை வெளியாயிற்று. அந்நட்டம் விற்பனைக்குக் காத்திருக்கவில்லை.

பொறுத்திருத்தலுக்கும் ஓர் எல்லையுண்டு. ஜப்பான் நாட்டு நிக்கேய் குறியெண் 1989 திசம்பர் முடிவில் 38,915-ஐத் தொட்டது. அவ்வெண்ணை அது மறுபடியுங் கடந்தது 2024 பிப்ரவரியிலேதான். முப்பதாம் வயதில் அவ்வுச்சியிற் பணமிட்டவன், இடையிற் பெற்ற பங்காதாயம் ஒருபுறமிருக்க, அறுபத்துநான்காம் வயதிலேயே தன் முதலைக் கண்ணுற்றான். அதுகாறும் அவன் நட்டமடையவில்லை என்று சொல்வது சொல்விளையாட்டேயாம்.

நிற்க. எமது ஊராகிய ஓடைப்பட்டி விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்பெற்றது. கனிந்த குலையைக் கொடியில் நிறுத்திவைத்தல் இயலாது. வெட்டுகின்ற நாளில் வியாபாரி சொல்லும் விலையே விலை. அன்று விலை குறைந்தால் அது முழு நட்டமே. மேற்கு மலையில் விளையும் ஏலக்காயின் இயல்பு வேறு. உலர்த்திய காயை மூட்டையிற் கட்டி வைத்து, போடிநாயக்கனூர் ஏலத்தில் விலை ஏறுமட்டும் காத்திருத்தல் கூடும். நெடுங்காலப் பங்காளர் தம்மை ஏலக்காய் வைத்திருப்பாராகவே எண்ணுகின்றனர். ஆனால் ஏலக்காயும் நாட்பட்டால் பச்சை நிறம் மங்கித் தரம் குன்றும். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் கேட்கப்பட்ட காய், அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரத்திற்கும் கீழே இறங்கிற்று. ஏழாயிரத்தையே மனத்திற்கொண்டு மூட்டையை அவிழாதிருந்தார் நிலையை எண்ணிப் பார்க்க. கடன்பட்டவனோ காத்திருக்கவே முடியாது. அவன் கையில் ஏலக்காயும் திராட்சையாகிவிடும்.

இதனை யாம் கண்ணாரக் கண்டதுண்டு. எம்மூரில் இளைஞரொருவர் தம் தந்தையார் திராட்சை விற்றுச் சேர்த்த பணத்தை 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பங்குகளில் இட்டார். மார்ச்சில் விலை வீழ்ந்தபோது, "விற்கவில்லையே, நட்டமென்ன?" என்று எம்மிடங் கூறி நகைத்தார். அவ்வமயமே ஊரடங்கும் வந்தது. வியாபாரிகள் வாராமையால் அவர் தோட்டத்துப் பழம் கொடியிலேயே வாடிற்று. உரக்கடைப் பாக்கியும் ஆட்கூலியும் கழுத்தை நெருக்க, ஏப்ரலில் அவர் பங்கை விற்றார். பங்குகள் நல்லனவே, நிறுவனங்களும் கெடவில்லை. நவம்பரில் சந்தை மீண்டது. அவர் பணம் மீளவில்லை. அதனினும் பெரிய துன்பம், அத்தனை வாரங்களும் தந்தையாரிடம் உண்மையை மறைத்து, எல்லாம் நலமென்று சொல்லி வந்தமையாம். பஞ்சமும் விலைவீழ்ச்சியும் பெரும்பாலும் ஒருங்கே வருவன என்பதை அவர் அன்றுதான் அறிந்தார், யாமும் அறிந்தோம்.

ஆகலின் எமது துணிபு இது. விற்றோமா இல்லையா என்பது நட்டத்தை அறியும் உரைகல் அன்று. கேட்கற்பாலன இரண்டு: அந்நிறுவனத்தின் பொருளீட்டும் வலிமை குன்றியதா? இப்பணத்தை இன்ன நாளிற் செலவிட வேண்டுமென்ற கட்டாயம் நமக்குண்டா? இரண்டிற்கும் இல்லையென்பதே விடையாயின், விலையிறக்கம் பெரும்பாலும் சந்தையின் இரைச்சலே; அஞ்சவேண்டா. ஒன்றிற்கேனும் ஆமென்பது விடையாயின், விற்காவிடினும் நட்டம் வந்துற்றது என்றே கொள்க. தோட்டம் பட்டுப்போனதைக் காணாதவன் மறுநடவும் செய்யான்.

மாணவ நண்பர்களே! கடன் வாங்கிப் பங்கு கொள்ளற்க. கல்லூரிக் கட்டணம், மருத்துவம், திருமணம் முதலியவற்றிற்கென நாள் குறிக்கப்பட்ட பணத்தைச் சந்தைக்கு அனுப்பற்க. கணக்கேட்டில் வாங்கிய விலையோடு இன்றைய விலையையும் எழுதி, வீட்டாருக்குக் காட்டுங்கள். கோபுரங் கட்டத் தொடங்குமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டுமென்னும் நற்செய்தி உவமையை நம் சிற்றாலயத்தில் பன்முறை கேட்டிருக்கின்றோம். பொறுமை நற்குணமே, தன் கணக்கைத் தானே பார்க்க அஞ்சுதல் பொறுமையாகாது.