தண்டனை இல்லை, சரி, தாள் எங்கே?

குடிவரவு, வெளிநாட்டினர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடன் வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து காக்கிறது. மேல்மொணவூர், மின்னூர் அகதி முகாம்களுக்காக நீதிமன்றம் ஏறும் நம் வழக்கறிஞர்களுக்கு இது பெரிய ஆறுதல். வரவேற்கிறோம். 2022 இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் அரிச்சல்முனையில் வந்திறங்கியவர்கள் தேதிக்கு வெளியே நிற்கிறார்கள். அதைத் தனியே வாதாட வேண்டும்.

ஆனால் சிறைக்கு அனுப்பமாட்டோம் என்பது வேறு, போக வழிவிடுவது வேறு. 2025 மே 19 அன்று உச்ச நீதிமன்றம், இந்தியா தர்மசத்திரம் அல்ல, வேறு நாட்டுக்குப் போகலாம் என்றது. எந்தத் தாளைக் காட்டிப் போவது? ஊரில் காணி மிஞ்சியிருக்கிறதா, கனடாவில் சித்தப்பா கூப்பிடுவாரா, பிள்ளையின் படிப்பு என்னாகும் என்று குடும்பங்கள் இரவிரவாகப் பேசுகின்றன. பேச்சு முட்டி நிற்பது பிறப்புப் பதிவில். 1987 ஜூலை 1 முதல் முகாமில் பிறந்த பிள்ளைக்கு இங்கே சான்றிதழ் உண்டு, குடியுரிமை இல்லை. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதியாவிட்டால் அந்த நாடும் இல்லை. பதிவதற்குத் தாய் தகப்பனின் சான்றிதழ் வேண்டும். அது எத்தனையோ பேருக்கு இடம்பெயர்வில் தொலைந்துபோனது. பாஸ்போர்ட் இல்லாதவருக்கு மிஞ்சுவது படகு. கனடாவை நம்பித் தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டவர்கள் 2021 அக்டோபரில் டியேகோ கார்சியா தீவில் அகப்பட்டு, மூன்று ஆண்டுக்கு மேல் கூடாரங்களில் கிடந்தார்கள். முறையாக நாடு திரும்பிய முதியவர் ஒருவரோ, அன்று பாஸ்போர்ட் இல்லாமல் வெளியேறியதற்காக 2025-இல் பலாலி விமான நிலையத்தில் கைதானார்.

2023 செப்டம்பரில் மேல்மொணவூரில் வைத்துத்தான் முகாம்களுக்கான 1,591 வீடுகளை முதல்வர் திறந்தார். வீடு வேண்டியதுதான். ஆனால் இந்தப் பிறப்புப் பதிவு வேலையை 1984 முதல் இயங்கும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகளின் தலையில் போட்டுவிட்டு டெல்லி, சென்னை, கொழும்பு என மூன்று அரசுகளும் ஒதுங்கி நிற்பது அநியாயம். 1951 அகதிகள் உடன்படிக்கையில் டெல்லி சேரவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் இவர்களைச் சேர்க்கவில்லை. உரிமையாகத் தர வேண்டியதைச் சலுகையாக, அதுவும் தவணை முறையில் தருகிறது. கொழும்பு, தன் குடிமக்களின் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கக்கூட முன்வருவதில்லை.

வழக்கறிஞர் நண்பர்களே, அடுத்த ரிட் மனுவில் குடியுரிமையோடு நின்றுவிடாதீர்கள். முகாமிலேயே பிறப்புப் பதிவு, இந்தியாவை விட்டு வெளியேறும் அனுமதியைத் தரக் கால வரம்பு, இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.