லேசிக் சிகிச்சை: கண்ணாடியைக் கழற்றும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

இன்ஸ்டாவில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போனால் நடுவில் அந்த விளம்பரம் வந்துவிடும். 'பத்தே நிமிஷம்... கண்ணாடிக்கு குட்பை!' கூடவே பண்டிகைத் தள்ளுபடி, இஎம்ஐ வசதி. பள்ளியில் 'சோடாபுட்டி' என்று பட்டப்பெயர் வாங்கியவர்கள், மழையில் பைக் ஓட்டத் திணறுபவர்கள், 'பொண்ணு கண்ணாடி போடுமா?' என்ற கேள்வியைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் கேட்டு நொந்தவர்கள் என எல்லோருமே ஒரு நிமிடம் நின்று பார்க்கத்தான் செய்வார்கள்.

பார்த்ததும் எழும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். எவ்வளவு ஆகும்? வலிக்குமா? ஆனால், இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. 'என் கண்ணுக்கு இது செட் ஆகுமா?' லேசிக் குறித்து மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் பார்ப்போம்.

லேசிக்கில் அப்படி என்னதான் செய்கிறார்கள்?

கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் படலம்தான் கார்னியா. உள்ளே வரும் ஒளியை வளைத்து விழித்திரையில் குவிப்பதில் பெரும்பங்கு இதற்குத்தான். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குக் கண் பந்து கொஞ்சம் நீளமாக இருக்கும். அதனால் ஒளி விழித்திரைக்கு முன்பாகவே குவிந்துவிடும், தூரத்தில் இருப்பது மங்கும். கண் பந்தின் நீளத்தைக் குறைக்க முடியாது. அதற்குப் பதிலாக, கார்னியாவை லேசரால் செதுக்கி அதன் வளைவை மாற்றுகிறார்கள். முகத்தில் போட்டிருந்த லென்ஸின் வேலையைக் கார்னியாவே செய்யும்படி ஆக்குவதுதான் இந்தச் சிகிச்சை.

இதில் பயன்படும் எக்சைமர் லேசருக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1981-ல் 'தேங்க்ஸ்கிவிங்' விருந்தில் மிச்சமான வான்கோழித் துண்டை எடுத்துவந்து அதன்மீது இந்த லேசரைப் பாய்ச்சினார். சுற்றியுள்ள திசு கருகாமல், தேவையான இடம் மட்டும் துல்லியமாகச் செதுக்கப்பட்டது. ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருடன் சேர்ந்து அவர் செய்த இந்தக் கண்டுபிடிப்புதான் பிறகு கண் சிகிச்சைக்கு வந்தது. பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்ய எக்சைமர் லேசரைப் பயன்படுத்த அமெரிக்காவின் எஃப்டிஏ 1995-ல் முதல் அனுமதியை வழங்கியது.

பிஆர்கே, லேசிக், கான்டூரா, ஸ்மைல்... எது பெஸ்ட்?

விளம்பரத்தில் பல பெயர்கள் வந்தாலும் அடிப்படை முறைகள் மூன்றுதான்.

பிஆர்கே: மூன்றில் பழையது. கார்னியாவின் மேல்தோலை நீக்கிவிட்டு நேரடியாக லேசர் அடிப்பார்கள். தோல் மறுபடி வளரும் வரை மூன்று, நான்கு நாள் வலியும் கூச்சமும் இருக்கும். பார்வை தெளிவாகவும் நாளாகும்.

லேசிக்: கார்னியாவின் மேல்பகுதியைப் பாலாடை ஏடு போல மெல்லிசாக வெட்டித் திறந்து, அடியில் லேசரால் செதுக்கிவிட்டு, ஏட்டைத் திரும்ப மூடிவிடுவார்கள். பெரும்பாலானோருக்கு மறுநாளே பார்வை தெளிவாகிவிடும். கான்டூரா என்பதும் லேசிக்தான். கார்னியாவின் மேடுபள்ளங்களை வரைபடமாக எடுத்து, அதற்கேற்பச் செதுக்குவார்கள்.

ஸ்மைல்: இதில் ஏடு கிடையாது. கார்னியாவுக்குள்ளேயே லேசரால் ஒரு மெல்லிய வில்லையை உருவாக்கி, சில மில்லிமீட்டர் அளவுள்ள சின்ன வெட்டு வழியாக வெளியே எடுத்துவிடுவார்கள்.

எது புதுசோ அதுதான் பெஸ்ட் என்று இதில் சொல்ல முடியாது. கபடி, குத்துச்சண்டை போல முகத்தில் அடிபட வாய்ப்புள்ள விளையாட்டுகளில் இருப்பவருக்கு, ஏடு இல்லாத முறைகளையே மருத்துவர் பரிந்துரைக்கக்கூடும். லேசிக்கில் வெட்டிய ஏடு பழைய பலத்துக்கு முழுசாக ஒட்டுவதில்லை. பலத்த அடி விழுந்தால் பல வருடம் கழித்தும் விலகக்கூடும்.

ஃப்ரெண்டுக்கும் அதே பவர்தான். அவனுக்கு ஓகே, எனக்கு ஏன் 'நோ'?

பலரையும் குழப்பும் கேள்வி இது. ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

கார்னியாவின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான் தடிமன் இருக்கும். அதாவது அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம். லேசிக்கில் ஏட்டுக்கு சுமார் 110 மைக்ரான் போகும். பிறகு ஒவ்வொரு பவருக்கும் தோராயமாக 12 முதல் 15 மைக்ரான் வரை செதுக்க வேண்டும். எல்லாம் போக, அடியில் குறைந்தது 250 மைக்ரான் மிஞ்ச வேண்டும். 300 இருந்தால்தான் நல்லது என்று கருதும் மருத்துவர்களும் உண்டு.

இருவருக்குமே மைனஸ் 6 பவர் என்று வைத்துக்கொள்வோம். செதுக்க வேண்டியது சுமார் 90 மைக்ரான். முதல் நபரின் கார்னியா 540 மைக்ரான் என்றால், ஏடும் செதுக்கலும் போக 340 மிஞ்சும். பிரச்சினை இல்லை. இரண்டாம் நபருக்குக் கார்னியாவே 460 மைக்ரான்தான் என்றால் மிஞ்சுவது 260. விளிம்பில் நிற்கிறார். இவருக்கு 'வேண்டாம்' என்றோ, 'வேறு முறை பார்க்கலாம்' என்றோ மருத்துவர் சொன்னால், அவர் பிழைப்புத் தெரியாதவர் என்று அர்த்தமில்லை. கணக்குத் தெரிந்தவர் என்று அர்த்தம்.

தடிமன் மட்டும் போதாது, கார்னியாவின் வடிவமும் சரியாக இருக்க வேண்டும். சிலருக்குக் கார்னியா பலவீனமாகி, கூம்பு போல முன்னால் புடைக்கும் 'கெரட்டோகோனஸ்' பிரச்சினை இருக்கும். ஆரம்பக் கட்டத்தில் இது வெளியே தெரியாது. சிலிண்டர் பவர் அடிக்கடி மாறுவது மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். இப்படிப்பட்ட கண்ணில் லேசிக் செய்தால், ஏற்கெனவே பலவீனமான சுவரை மேலும் சுரண்டிய மாதிரி ஆகிவிடும். கண்ணின் உள்ளழுத்தம் தாங்காமல் கார்னியா புடைத்துப் பார்வை மோசமாகலாம். அதன் பிறகு சிறப்பு லென்ஸ், கார்னியாவைப் பலப்படுத்தும் சிகிச்சை, சிலருக்குக் கார்னியா மாற்று அறுவை சிகிச்சை வரைகூடப் போக நேரிடும்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் கார்னியா டோபோகிராஃபி அல்லது பென்டாகேம் ஸ்கேன் எடுக்கிறார்கள். விளம்பரம் பேசும் அந்தப் பத்து நிமிடத்தைவிட முக்கியமானது இந்தப் பரிசோதனைதான்.

வேறு யாருக்கெல்லாம் கூடாது?

* 18 வயது நிரம்பாதவர்கள். 18 ஆகியிருந்தாலும் பவர் மாறிக்கொண்டே இருந்தால் பொறுத்திருக்க வேண்டும். குறைந்தது ஓராண்டாகப் பவர் நிலையாக இருக்க வேண்டும்.
* கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள். ஹார்மோன் மாற்றத்தால் பவர் தற்காலிகமாக மாறலாம்.
* முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய் எதிர்ப்பாற்றல் கோளாறு உள்ளவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள். புண் ஆறுவதில் சிக்கல் வரலாம்.
* கண் உலர்வுப் பிரச்சினை தீவிரமாக இருப்பவர்கள்.
* முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள். 'அது ஸ்கின் டாக்டர் கொடுத்தது, இதுக்கும் அதுக்கும் என்ன?' என்று விட்டுவிடாமல் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

எப்போதும் கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது கெரட்டோகோனஸ் இருந்தாலோ அதையும் மறைக்க வேண்டாம்.

பரிசோதனைக்கு எப்படிப் போகணும்?

கான்டாக்ட் லென்ஸ் கார்னியாவின் வடிவத்தையே தற்காலிகமாக மாற்றிவிடும். அதைக் கழற்றிய கையோடு ஸ்கேன் எடுத்தால் அளவு தப்பாகலாம். சாஃப்ட் லென்ஸ் போடுபவர்கள் பரிசோதனைக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். சிலிண்டர் பவருக்கான டோரிக் லென்ஸ், காற்று ஊடுருவும் ஆர்ஜிபி லென்ஸ் என்றால் மூன்று வாரம். ஹார்டு லென்ஸ் என்றால் நான்கு வாரம். இது எஃப்டிஏ தரும் அறிவுரை.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பார்ப்பார்கள். அதன் பிறகு சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். தனியாக பைக்கில் போய்விடாதீர்கள்.

வலிக்குமா? நடுவுல கண்ணை ஆட்டிட்டா?

ஊசி கிடையாது. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்துதான். கண்ணைச் சிமிட்டாமல் இருக்க ஒரு கிளிப் வைப்பார்கள். லேசிக்கில் ஏடு வெட்டும்போது கண்ணை அழுத்துவது போல இருக்கும், சில நொடி பார்வை இருட்டிக்கொண்டும் வரலாம். பயப்பட வேண்டியதில்லை, முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும். செதுக்கும் லேசர் பெரும்பாலும் ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கண் அசைந்தால் கருவி அதைப் பின்தொடரும், ரொம்ப விலகினால் லேசர் நின்றுவிடும்.

வீடு திரும்பிய பிறகு சில மணி நேரம் எரிச்சல், கண்ணீர், கூச்சம் இருக்கும். கண்ணைக் கசக்கவே கூடாது. குளிக்கும்போது தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மை, ஐலைனர், நீச்சல் எல்லாவற்றுக்கும் மருத்துவர் சொல்லும் வரை லீவு. முக்கியமாக, ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சொன்ன நாள் முடிந்த பிறகும் மெடிக்கலில் வாங்கி விட்டுக்கொண்டே இருக்காதீர்கள். கண் அழுத்தம் ஏறிவிடும்.

பக்கவிளைவே இல்லைன்னு சொல்றாங்களே?

அது உண்மை இல்லை. எஃப்டிஏ, அமெரிக்க தேசியக் கண் நிறுவனம், அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஆகியவை சேர்ந்து நடத்திய 'பிரௌல்' ஆய்வு இதில் முக்கியமானது. லேசிக் செய்துகொண்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பார்வையில் திருப்தி என்றே சொன்னார்கள். அதே ஆய்வில், முன்பு எந்தப் பார்வைத் தொந்தரவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரையிலானோருக்கு, மூன்று மாதம் கழித்துப் புதிதாக ஏதாவது ஒரு தொந்தரவு இருந்தது. விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதுதான் இதில் அதிகம். கண் உலர்வே இல்லாதவர்களில் 30 சதவீதம் வரையிலானோருக்கு உலர்வு வந்திருந்தது. ஆனால், பார்வைத் தொந்தரவால் அன்றாட வேலையே கடினமானது என்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

இரண்டு பக்கமும் உண்மைதான். திருப்தியாக இருப்பவருக்கும் இரவில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் கூசலாம். பலருக்கு இவை மாதக்கணக்கில் குறைந்துவிடும், சிலருக்கு நீடிக்கும். இரவு நேரம் வண்டி ஓட்டிப் பிழைப்பவரும், ஏசி அறையில் பத்து மணி நேரம் ஸ்க்ரீன் பார்ப்பவரும் இதை யோசித்தே முடிவெடுக்க வேண்டும்.

இந்த விஷயங்களை நோயாளிக்குத் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2022-ல் எஃப்டிஏ ஒரு வரைவு வழிகாட்டுதலை வெளியிட்டது. பாதகத்தையே பெரிதாகக் காட்டுகிறது என்று அமெரிக்கக் கண் அறுவை சிகிச்சை நிபுணர்கள் அதை எதிர்த்தார்கள். விவாதம் எப்படியோ போகட்டும், ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பது மட்டும் நமக்கான பாடம்.

திரும்பக் கண்ணாடி போட வேண்டி வருமா?

வரலாம். சிலருக்குக் கொஞ்சம் பவர் மிச்சம் இருக்கும், சிலருக்கு வருடங்கள் போகப் போகத் திரும்பும். 40 வயதைத் தாண்டியதும் வரும் வெள்ளெழுத்தை லேசிக் தடுக்காது. அது கண்ணின் உள்ளே இருக்கும் லென்ஸ் இறுகுவதால் வருவது. இன்னொன்று, லேசிக்குக்குப் பிறகும் கண் பந்து அதே நீளம்தான். பவர் அதிகம் இருந்தவர்களுக்கு விழித்திரை கிழியும் ஆபத்து அப்படியேதான் இருக்கும். மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் திடீரென மிதந்தாலோ உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா? வேலைக்குப் பிரச்சினை வருமா?

பவர் 7.5 டயாப்டருக்குக் குறைவாக இருந்தால், பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்காது என்பது ஐஆர்டிஏஐ வகுத்துள்ள பொதுவான விலக்கு. பெரும்பாலானோர் இதற்குள்தான் வருவார்கள். செலவு முழுக்க நம் கையிலிருந்துதான்.

அரசு வேலைக்குப் படிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 'கண்ணாடி இருந்தா செலக்ட் ஆக மாட்டோம்' என்று அவசரப்பட்டு லேசிக் செய்து, அதனாலேயே தகுதி இழப்பவர்கள் உண்டு. ரயில்வே உதவி லோகோ பைலட் பணிக்கு, லேசிக் செய்துகொண்டவர்கள் தகுதியில்லை. ராணுவ வேலைகளில் சில பிரிவுகள் ஏற்பதில்லை. ஏற்கும் பிரிவுகளிலும் வயது, சிகிச்சைக்குப் பிறகான இடைவெளி, கார்னியா தடிமன், கண்ணின் நீளம் என நிபந்தனைகள் இருக்கின்றன. அறிவிப்பைப் படித்த பிறகே முடிவெடுங்கள்.

'உங்களுக்கு செட் ஆகாது'ன்னு சொல்லிட்டா?

இன்னொரு மருத்துவரிடம் கருத்து கேட்பதில் தவறில்லை. ஆனால், 'ஆகும்' என்று சொல்லும் இடம் கிடைக்கும் வரை அலையக் கூடாது. காரணத்தைக் கேளுங்கள். தடிமன் குறைவா, வடிவம் சரியில்லையா, உலர்வா? அதைப் பொறுத்து மாற்று வழி இருக்கலாம். பவர் அதிகம் உள்ளவர்களுக்குக் கார்னியாவைச் செதுக்காமல், கண்ணுக்குள் மெல்லிய லென்ஸ் பொருத்தும் ஐசிஎல் முறை இருக்கிறது. தேவைப்பட்டால் அதை எடுத்துவிடலாம். ஆனால், அது கண்ணுக்குள் செய்யும் அறுவை சிகிச்சை. கண்புரை, கண் அழுத்தம் போன்ற ஆபத்துகள் அதற்கும் உண்டு.

மருத்துவரிடம் கேட்க நான்கு கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். என் கார்னியா தடிமன் எவ்வளவு? சிகிச்சைக்குப் பிறகு எவ்வளவு மிஞ்சும்? ஸ்கேனில் வடிவம் சரியாக இருக்கிறதா? எனக்கு ஏன் இந்த முறையைச் சொல்கிறீர்கள்? நான்குக்கும் நேரடியான பதில் வராமல் 'இந்த மாசம் ஆஃபர் முடியுது' என்ற பதில் வந்தால், எழுந்து வந்துவிடலாம்.

செய்துகொண்டவர்கள் மறக்கக் கூடாதது ஒன்று. சிகிச்சைக்கு முந்தைய பவர், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வயதான பிறகு கண்புரை ஆபரேஷன் செய்யும்போது, எந்த பவர் லென்ஸ் வைப்பது என்று கணக்கிட அந்த ஃபைல் உதவும்.