துளைப்பானுக்குத் தேவை தோள்வலியா, இயற்பியலா?

திருத்தணி மலைக்கோயிலுக்கு, ஆண்டின் நாட்களுக்கு ஈடாக 365 படிகள் என்று சொல்வார்கள். மின்சாரம் வருவதற்கு முன் கருங்கல்லில் துளையிடக் கல்தச்சர் என்ன செய்தார்? உளியைக் கல்லில் ஊன்றிச் சம்மட்டியால் ஓங்கி அடித்தார். உளியைச் சற்றுத் திருப்பி மீண்டும் அடித்தார். அடியும் திருப்பலும் மாறிமாறி வரும் அந்த முறையைத்தான் இன்று கட்டிடப் பணியாளர் கையிலுள்ள ‘ஹாமர் டிரில்’ நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை செய்கிறது.

1889ஆம் ஆண்டில் மெல்பர்ன் நகரில் ஆர்னாட், பிரெயின் என்னும் இருவர் மின்சாரத் துளைப்பானுக்குக் காப்புரிமை பெற்றனர். 1895இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலிருந்த ஃபைன் நிறுவனம் கையில் ஏந்தக்கூடிய துளைப்பானைச் செய்தது. இன்று அது வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. ஆனால், அதைப் பிடிக்க நல்ல தோள்வலி இருந்தால் போதும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. இது தவறு என்பதே என் கருத்து. முதலில் தேவைப்படுவது, நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியல்தான்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். திறன் என்பது முறுக்குவிசையையும் கோணத் திசைவேகத்தையும் பெருக்கி வருவது. 1000 வாட் துளைப்பான் நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் சுற்றினால், இழப்புகளை ஒதுக்கிவிட்டுப் பார்க்க, முறுக்குவிசை சுமார் 3 நியூட்டன் மீட்டர். அதே திறனில் 300 சுற்றுகளாகக் குறைத்தால் அது சுமார் 32 ஆகிவிடுகிறது! மெதுவாகச் சுற்றும் கருவி சாதுவானது என்று எண்ணிவிடாதீர்கள்.

துளையிடும் ‘பிட்’ சுவரிலுள்ள கம்பியில் சிக்கி நின்றுவிட்டால் என்ன ஆகும்? நியூட்டனின் மூன்றாம் விதி உடனே வேலை செய்யும். பிட் சுழல முடியாததால் கருவியின் உடல் எதிர்த்திசையில் சுழலும். இவ்வகை மோட்டாரில் வேகம் குறையக் குறைய முறுக்குவிசை கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அச்சிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி ஒரே கையால் பிடித்திருப்பவரின் மணிக்கட்டு, 32 நியூட்டன் மீட்டரைத் தடுக்கச் சுமார் 22 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டும். பக்கக் கைப்பிடியைப் பொருத்தி, 35 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு கைகளாலும் பிடித்தால், ஒவ்வொரு கைக்கும் சுமார் 9 கிலோதான். பெட்டியிலேயே கிடக்கும் அந்தக் கைப்பிடி அலங்காரப் பொருள் அன்று. உங்கள் மணிக்கட்டின் காவலன்.

‘இன்னும் அழுத்து’ என்பதும் எப்போதும் சரியான யோசனை ஆகாது. 1971இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் சந்திரனில் மின்கலத் துளைப்பானால் துளையிட்டார். துளைக்கும் தண்டுகளின் இணைப்புகளில் தூள் மேலேறி வெளியேற வழியில்லை, தண்டு இறுகிக்கொண்டது. சுமார் மூன்று மீட்டர் இறங்க வேண்டிய துளை ஏறக்குறையப் பாதியில் நின்றது. அடுத்த பயணத்திற்கு இணைப்பையே மாற்றியமைத்தார்கள். ஆகவே, சுவரில் துளையிடும்போதும் பிட்டை அவ்வப்போது பின்னுக்கு இழுத்துத் தூளை வெளியேற்றுங்கள். கருங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் கார்பைடு முனையும் ஹாமர் இயக்கமும் வேண்டும். இரும்புக்கு ஹாமர் கூடாது. குறைந்த வேகமும் சிறிது எண்ணெயும் போதும்.

இன்னும் சில விதிகள். பிட்டை மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள்; சக்கின் சாவியை அதிலேயே விட்டுவிடாதீர்கள். தோள் துண்டு, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், தொளதொளப்பான கையுறை ஆகியவை சுழலும் பிட்டில் சிக்கிக்கொள்ளும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். கல்தூளிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும்; தகுந்த முகக்கவசம் அணியுங்கள். சுவிட்சுப் பலகைக்கு நேர் மேலும் கீழும் மின்கம்பி ஓடலாம், அங்கே துளையிடாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உங்கள் வீட்டில் உள்ளதா என்று பெரியவர்களிடம் கேளுங்கள்.

‘பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்கலாமா?’ என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமே. ஆனால், இன்று தொடாதே என்று மட்டும் சொல்லி வைத்தால், நாளை தனியாக, கைப்பிடியும் கண்ணாடியும் இல்லாமல் தொடுவார்கள். அதைவிட, பள்ளிப் பட்டறையில் ஆசிரியர் அருகில் நிற்க, ஒரு மரக்கட்டையைப் பிடிப்பானில் இறுக்கி, ஒரு துளை போடச் செய்வது மேல். முறுக்குவிசையைத் தேர்வுத்தாளில் மட்டும் எழுதிய மாணவனும், அதைத் தன் இரு கைகளிலும் உணர்ந்த மாணவனும் ஒன்றல்லர். பின்னவனே அந்தப் பாடத்தை முழுமையாகக் கற்றவன்.