சிலிண்டரை ஒளிக்காதீங்க, பேட்டரியை தானம் பண்ணாதீங்க

புனேயில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டியாச்சு. இப்போ ஆபீஸில் நொய்டாவுக்குப் போ என்று சொல்லிவிட்டார்கள். போன மாசம் பேக்கர்ஸ் ஆள் வீட்டைப் பார்த்து ரேட் சொல்ல வந்தார். சோபா, பீரோ, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர் பால்கனிப் பக்கம் வந்ததும் கையை விரித்தார். "யே சப் நஹீ ஜாயேகா, சார்."

எதெல்லாம் போகாது? காஸ் சிலிண்டர், இன்வர்ட்டர் பேட்டரி, பைக் டாங்கில் இருக்கும் பெட்ரோல், தீபாவளிக்கு வாங்கி மீந்த பட்டாசு, நல்லெண்ணெய் டின், ஆவக்காய் ஜாடி, பெயின்ட் தின்னர், கற்பூர டப்பா, பதினாலு தொட்டிச் செடி. நகை, பணம், பத்திரமெல்லாம் "உங்க கையோட எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார்.

தங்கமணிக்குக் கோபம். "இவ்வளவு காசு வாங்கறான், ஒரு எண்ணெய் டின்னை எடுத்துட்டு வரமாட்டானாமா?" பக்கத்து விங்கில் இருக்கும் நம்ம ஊர்க்காரர் ஒருவர் உடனே வழி சொன்னார். "லோடிங் பையன் கையில ஐநூறு ரூபா வைங்க சார். சிலிண்டரைப் போர்வையில சுத்தி பீரோவுக்குள்ள வச்சிருவான். நாங்க மூணு ஊர் அப்படித்தான் மாறினோம்."

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கொஞ்சம் கொசுவத்தி சுத்தினால், சென்னையிலிருந்து இங்கே வந்தபோது நானும் இதே வேலையைத்தான் செய்தேன். அதை ஒரு சாமர்த்தியம் போல நாலு பேரிடம் பீற்றிக்கொண்டும் இருந்தேன். ஆனால் இப்போது சொல்கிறேன் மக்களே, அது சாமர்த்தியம் இல்லை, அயோக்கியத்தனம்.

யோசித்துப் பாருங்கள். சமையல் காஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, மூடிய லாரியின் தரையிலேயே தேங்கி நிற்கும். புனேயிலிருந்து நொய்டா 1,400 கிலோமீட்டருக்கு மேல். அந்த லாரியை ஓட்டுகிறவரும் கிளீனர் பையனும் ராத்திரி அதன் கேபினில்தான் தூங்குவார்கள். பக்கத்திலேயே ஸ்டவ் மூட்டி ரொட்டி சுடுவார்கள், பீடி பிடிப்பார்கள். பின்னால் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஐநூறு ரூபாய் வாங்கியது லோடிங் பையன். அவன் புனேயிலேயே இறங்கிவிடுவான். நாம் விமானத்தில் போய்விடுவோம்.

"காலி சிலிண்டர்தானே?" என்பார்கள். காலி என்று நாம் சொல்லும் சிலிண்டரிலும் கொஞ்சம் காஸ் மிச்சம் இருக்கும். "எத்தனையோ பேர் கொண்டு போறாங்க, ஒண்ணும் ஆகலையே?" என்பார்கள். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை மதுரை ஸ்டேஷன் யார்டில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்தது ஞாபகம் இருக்கிறதா? லக்னோவிலிருந்து கோயில் கோயிலாகச் சுற்றி வந்தவர்கள், ஒன்பது பேர் போய்ச் சேர்ந்தார்கள். சட்டவிரோதமாக ஏற்றி வந்த சிலிண்டர்தான் காரணம் என்றது ரயில்வே. அவர்களும் ஊர் ஊராக ஒன்றும் ஆகாமல்தான் வந்திருப்பார்கள். ரயிலில் இந்த மாதிரிச் சாமான் கொண்டுபோனால் ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவில் மூணு வருஷம் வரை ஜெயில்.

இத்தனைக்கும் அந்தச் சிலிண்டர் நம்முடையதே இல்லை. சிலிண்டரும் ரெகுலேட்டரும் எண்ணெய்க் கம்பெனி சொத்து, நாம் கட்டியது டெபாசிட் மட்டும். ஏஜென்சியில் இரண்டையும் ஒப்படைத்தால் டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்து டெர்மினேஷன் வவுச்சர் தருவார்கள். புது ஊரில் அதைக் காட்டி, அன்றைய டெபாசிட்டைக் கட்டி, இணைப்பு வாங்கிக்கொள்ளலாம். அடுப்பு நம்முடையது, அதை லாரியில் ஏற்றுவார்கள். ஒரு நாள் அலைச்சல், அவ்வளவுதான்.

சரி, ஒளித்து ஏற்றவில்லை. மிச்சத்தை என்ன செய்கிறோம்? இங்கேதான் நம் இரண்டாவது அயோக்கியத்தனம். "மாவ்ஷிக்குக் கொடுத்துடலாம்." மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி. வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

நானும் கொடுத்தேன். ஆறு வருஷம் ஓடிய இன்வர்ட்டர் பேட்டரி. "கபாடியில் போட்டால் நல்ல காசு வரும், எடுத்துக்கோங்க மாவ்ஷி" என்றேன், ஏதோ கர்ணன் பரம்பரை மாதிரி. ஐம்பது கிலோவுக்கு மேல் கனம். அவர் மகன் அதைத் தூக்க முடியாமல், கனம் குறையட்டும் என்று மூடிகளைத் திறந்து ஆசிட்டைச் சாக்கடையில் கவிழ்த்திருக்கிறான். பாதி அவன் காலில். மாவ்ஷி மறுநாளும் வந்து பாத்திரம் தேய்த்துவிட்டுப் போனார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூணாம் நாள் தங்கமணி துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. டாக்டர் செலவைக் கொடுத்தோம். பையனின் புறங்காலில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போயிருந்தது. அதற்கு என்ன கொடுப்பது?

பழைய பேட்டரியை பேட்டரிக் கடைக்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு காசும் தருவார். பழசைத் திரும்பச் சேகரிப்பதற்கு 2001-லேயே விதி வந்தது, 2022-ல் புது விதிகள் வந்தன. ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். அந்த ஒரு போனுக்குச் சோம்பல்பட்டு, அதற்கு தானம் என்று பேர் வைத்தேன்.

"அவங்களே சந்தோஷமா வாங்கிக்கறாங்களே" என்று சொல்லாதீர்கள். மாசச் சம்பளமும் தீபாவளி போனஸும் நம் கையில் இருக்கும்போது அவர் எப்படி வேண்டாம் என்பார்? பூஞ்சை பிடித்த ஊறுகாய், தேதி முடிந்த மருந்து, போன வருஷப் பட்டாசு, எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வார். நான் இப்போது ஒரே கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன்: இதை இப்படியே என் அண்ணன் வீட்டுக்குக் கொடுப்பேனா? மாட்டேன் என்றால் மாவ்ஷிக்கும் கூடாது.

லாரிக்காரர் மறுத்த சாமானில் பாதி ஆபத்து, பாதி தொந்தரவு. இரண்டுமே நாம் வாங்கியது, நாம்தான் தீர்க்க வேண்டும். எண்ணெய் டின்னும் ஊறுகாயும் ஊர் மாறும் தேதி தெரிந்த அன்றே வாங்குவதை நிறுத்தினால் ஒரு மாசத்தில் தீர்ந்துவிடும். கற்பூரத்தைப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் கொடுத்தோம், அங்கே தினமும் ஏற்றுகிறார்கள். பைக் டாங்கைக் காலி செய்யும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டாச்சு. செடிகளைப் படிக்கட்டில் அநாதையாக விடாமல், தண்ணீர் ஊற்றுவேன் என்று சொன்ன மூணு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தோம். கறிவேப்பிலையைக் கேரளாக்காரர் வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். பக்கத்தில் முளைத்த கன்று ஒன்றை மட்டும் அம்மா ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறாள்.

மாவ்ஷிக்கு நன்றாக ஓடும் மிக்ஸியும் ஒரு மாசச் சம்பளமும் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். பேட்டரியைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

சனிக்கிழமை லாரி வருகிறது. பீரோவுக்குள் துணி மட்டும்தான் இருக்கும். பக்கத்து விங்க்காரரிடமும் இதையெல்லாம் சொன்னேன். "ரொம்பத்தான் சார் பாக்கறீங்க" என்றார். பார்த்துத்தான் ஆக வேண்டும், சார்.

காசியிலிருந்து கொண்டுவந்த கங்கைச் சொம்பு மட்டும் ரயிலில் அம்மா மடியில் வருகிறது. அதைப் பற்றி அவளிடம் யாரும் வாய் திறக்க முடியாது.